ஸ்ட்ரெதத்தில் ஒரு கிரனாடா

அல்ஹம்ப்ராவின் சுவரை நான் முதன்முதலில் பார்த்தது லண்டனில். கிரனாடாவின் குன்றில், பின்னால் பனிமலை தெரிய நின்று பார்க்கவேண்டியதை, தென் கென்சிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், மழையில் நனைந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பார்த்தேன். ஸ்பெயின் விசா இரண்டு தடவை மறுக்கப்பட்ட ஒருத்திக்கு அதுவே பெரிய காரியம்.

நான் கொழும்பில் சிறிய கட்டடக்கலை அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். பழைய பள்ளிவாசல்கள், பழைய வீடுகள், இடியப்போகும் மதரசாக்கள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதுதான் எங்கள் வேலை. முஸ்லிம்கள் ஆண்ட காலத்து ஸ்பெயினின் சுதை வேலையைப் பற்றி ஒரு வாரப் பயிற்சி லண்டனில் நடப்பதாக அறிந்து எழுதிப்போட்டேன். இடம் கிடைத்தது. தங்குவதற்கு வாசுகி இருந்தாள்.

வாசுகியும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. அவள் வீடு எங்கள் சோனகத் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். தொண்ணூறாம் ஆண்டு அக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று, ஊரைக் கைக்குள் வைத்திருந்த தமிழ் ஆயுத இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. அன்று பின்னேரத்துக்குள் நாங்கள் புறப்பட்டோம். அதன்பின் அவளை நான் பார்க்கவில்லை. புத்தளத்து அகதி முகாமும் பிறகு கொழும்பும் என்று என் வாழ்க்கை போயிற்று. அவளும் பிறகு அகதியாகி லண்டனுக்கு வந்துவிட்டாள். போன வருடம்தான் பேஸ்புக் எங்களை மறுபடி அறிமுகம் செய்துவைத்தது. "லண்டனுக்கு வந்து ஹோட்டலில நிண்டியோ, உன்னோட கதைக்கமாட்டன்" என்று வாசுகி எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விக்டோரியாவில் ரயில் ஏறினேன். கதவு மூடிய பிறகுதான் அந்த ரயில் வாசுகி வீடு இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் நிற்காது என்று அறிவித்தார்கள். என் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் மடியில் பெரிய கிழங்குப் பையோடு இருந்த ஒரு நைஜீரிய அம்மா சிரித்தார். "பயப்படாதே மகளே, இந்தப் பக்கத்து ரயிலெல்லாம் கடைசியில் ஈஸ்ட் க்ராய்டனுக்குத்தான் போகும். நாமெல்லாம் அங்கே போய்த்தான் திரும்பி வருகிறோம்" என்றார். அவர் சொன்னபடியே ஈஸ்ட் க்ராய்டனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் இரண்டு கோட் போட்ட ஒரு பெண் நின்றாள். தலை நரைத்திருந்தது. ஆனால் தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்க்கும் அந்தப் பார்வை அப்படியே இருந்தது.

"எடி நஸ்ரின், நீ ஏன்டி இவ்வளவு மெலிஞ்சு போனாய்?" என்றாள். பிறகு நடைபாதையை அடைத்துக்கொண்டு இருவரும் கட்டிப்பிடித்து நின்றோம். ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போன கிழவர் எங்களைச் சுற்றிக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தன. நான் கையை வைக்குமுன் வாசுகி அவசரமாகச் சொன்னாள்: "லண்டன் ரோட்டில பாகிஸ்தான்காரன்ர கடையில வாங்கினது. ஹலால்தான். சட்டியும் புதுசு. நீ வாறாய் எண்டு வாங்கினனான், இதில வேற ஒண்டும் சமைக்கேல்லை." அவள் கணவர் சிவா அண்ணை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மேல் தட்டு முழுவதும் எனக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். "எனக்கு உள்ள தட்டு கீழ, மரக்கறிக்குப் பின்னால. பதினைஞ்சு நாளா எனக்கு இஞ்ச மரியாதை இல்லை" என்றார்.

சிவா அண்ணை நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கட்டட வேலை கொந்தராத்து எடுத்துச் செய்கிறார். கோபம் வந்தால் ஜெர்மன் மொழியில் எண்ணத் தொடங்குவார் என்று வாசுகி சொன்னாள்.

திங்கள் காலை பயிற்சி தொடங்கியது. எங்களுக்கு ஆசிரியர் இனெஸ் என்ற கிரனாடாக்காரி. உயரமாக, விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு படிந்தவளாக இருந்தாள். அல்ஹம்ப்ராவிலிருந்து எடுத்த சுதைத் துண்டு ஒன்றின் முன் எங்களை நிறுத்தி, அரை மணி நேரம் எதுவும் பேசாமல் பார்க்கச் சொன்னாள். முதலில் கொடியும் நட்சத்திரமும்தான் தெரிந்தன. கண் பழகப் பழக, கொடிக்குள் எழுத்து ஓடுவது தெரிந்தது. சின்ன வயதில் மதரசாவில் ஓதப் படித்த எழுத்துத்தான். வலா காலிப இல்லல்லாஹ். ஓசையாகத் தெரிந்ததே ஒழியப் பொருள் உடனே பிடிபடவில்லை.

"அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் எவனுமில்லை" என்று இனெஸ் சொன்னாள். "கிரனாடாவை ஆண்ட சுல்தான்களின் வாசகம் இது. குர்ஆன் வசனம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. செவில் நகரத்தில் ஒரு கிறிஸ்தவ அரசன் தனக்கு அரண்மனை கட்டினான். அதன் முகப்பிலும் இதே வாசகம் நீல ஓட்டில் இருக்கிறது. முஸ்லிம் கைவினைஞர்கள் செய்தது. அரசனுக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் வைத்திருந்தான். அவனுக்கு அது அழகாக இருந்தது."

மறுநாள் அவள் தொலேதோவின் படங்களைக் காட்டினாள். யூதர்களின் தொழுகைக்கூடம். கட்டச் சொன்னவர் அதே கிறிஸ்தவ அரசனின் பொருளாளராக இருந்த யூதர். சுவரில் ஹீப்ருவும் அரபும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு யூதர்கள் துரத்தப்பட்டார்கள். கூடம் தேவாலயமாயிற்று. எழுத்துகள் மட்டும் அழியாமல் தங்கிவிட்டன.

எனக்குக் கீழக்கரையின் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பழைய பள்ளிவாசலை அளந்து வரையப் போயிருந்தேன். கல் தூண், அதன் தலையில் போதிகை, பூமொட்டு எல்லாம் கோயில் மண்டபம்தான். சிற்ப உருவம் மட்டும் இல்லை. கட்டியவன் தனக்குத் தெரிந்த கையால் கட்டியிருக்கிறான். தொழுதவர்கள் அதிலே பேதம் பார்க்கவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது இனெஸ் கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் எங்கள் கதைதான்" என்றாள்.

ஆனால் அவள் இனிப்பாகப் பேசுகிறவள் இல்லை. துருக்கியிலிருந்து வந்த ஒரு மாணவன், "மூன்று மதமும் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்திருக்கின்றன!" என்று பரவசப்பட்டான். இனெஸ் அவன் பக்கம் திரும்பினாள். "வாழ்ந்தார்கள். வரி கொடுத்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருவரிடம் ஒருவர் மருந்து வாங்கினார்கள். பிறகு துரத்தினார்கள். என் ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு முதல் பாதியை மட்டும் விற்கிறோம். சுவரைப் படிக்க வந்தவர்கள் நீங்கள். முழுவதையும் படியுங்கள்" என்றாள்.

நான் சாந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். துரத்தினார்கள் என்ற சொல்லை அவ்வளவு சாதாரணமாக, குற்றம் தன் ஊருடையது என்ற குரலில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டில் சிவா அண்ணை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, உங்களால ஒரு உதவி. அரபு வாசிப்பீங்கள்தானே?"

விஷயம் இதுதான். ஸ்ட்ரெதம் கடைத்தெருவின் பின்னால் ஒரு பழைய மண்டபத்தை, முருகன் கோயில் கட்டுவதற்காக ஒரு சபையார் வாங்கியிருந்தார்கள். விக்டோரியா காலத்தில் யாரோ பணக்காரர் இசைக் கூடமாகக் கட்டியது. பிறகு ஒரு சிறிய கிறிஸ்தவ சபை அதில் இருந்தது. கடைசியாகக் கம்பளக் கிடங்கு. கோயிலாக்கும் வேலை சிவா அண்ணையுடையது. போலிக் கூரையைக் கழற்றியபோது மேலே குதிரை லாட வளைவுகளும், சுவரைச் சுற்றி எழுத்துப் பட்டையும் வெளிப்பட்டன. பார்க்காமல் ஒரு மூலையை வேலையாட்கள் உடைத்தும்விட்டார்கள். எழுத்து அரபு என்று தெரிந்ததும் சிவா அண்ணை வேலையை நிறுத்திவிட்டார்.

"குரான் எண்டா நாங்கள் தொடமாட்டம். பாவம். வேற ஏதாவது வழி பாப்பம். சும்மா டிசைன் எண்டா அடுத்த கிழமை கழட்டிப் போட்டு ஜிப்சம் அடிக்கிறது எண்டு கொமிட்டி சொல்லுது. கவுன்சிலில விசாரிச்சிட்டம், அது பாதுகாத்த கட்டடமும் இல்லை. நீங்கள் பாத்துச் சொன்னாச் சரி."

புதன்கிழமை பயிற்சி மதியத்தோடு முடிந்தது. சிவா அண்ணை தன் வேனில் வந்து ஏற்றிக்கொண்டார். சாமான் எடுக்கச் சுற்றிப்போய் க்ரிஸ்டல் பாலஸ் மேட்டைக் கடக்கும்போது, இந்த மேட்டில் ஒரு காலத்தில் பெரிய கண்ணாடி மாளிகை இருந்ததென்றும், அதற்குள் அல்ஹம்ப்ராவைப் போலவே ஒரு முற்றம் செய்து வைத்திருந்தார்களென்றும் நான் சொன்னேன். அதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர்கள் தங்கள் வீட்டிலும் கூடத்திலும் அப்படிச் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். மாளிகை எரிந்துபோய்விட்டது. ஆசையின் மிச்சம் தென் லண்டனில் அங்கங்கே கிடக்கிறது.

"அப்ப எங்கட மண்டபமும் அந்தத் தொத்து வருத்தத்தில வந்ததுதானோ?" என்றார் சிவா அண்ணை.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். தூசிக்கும் சாரத்துக்கும் பின்னால், சிவப்பும் நீலமும் மங்கிப்போய், ஒரு குழந்தை வரைந்த கிரனாடா நின்றது. வளைவுகளின் விகிதம் பிழை. நட்சத்திரத்துக்குப் பதினாறு முனை இருக்கவேண்டிய இடத்தில் பதினான்கு. இருந்தும் யாரோ மனம் வைத்துச் செய்திருந்தார்கள்.

மரெக் என்ற போலந்துக்காரச் சுதை வேலையாள் எனக்கு ஏணியைப் பிடித்தான். கோயில் சபையின் செயலாளர் மகேசன் கீழே நின்றார். ஓய்வுபெற்ற மருந்தாளர். கழுத்தில் மப்ளர், கையில் வேலைத் திட்டம். "பாருங்கோ பிள்ளை, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

பட்டையில் ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பதித்திருந்தார்கள். வலா காலிப. வலா காலிப. அதற்கு மேல் இல்லை. இல்லல்லாஹ் என்ற பாதியைக் காணவில்லை. சுவர் முழுவதும் தேடினேன். அரபு தெரியாத ஆங்கிலேயச் சிற்பி, இரண்டு தாங்கிகளுக்கு இடையில் அடங்கவேண்டும் என்று வாசகத்தைப் பாதியில் வெட்டிவிட்டான். அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் எவனுமில்லை என்பதில் அல்லாஹ்வும் போய், தவிரவும் போய், மிச்சம் மட்டும் இருந்தது. வெல்பவர் எவருமில்லை.

ஏணியில் நின்றபடி அதை வாசித்தேன். வெல்பவர் எவருமில்லை, வெல்பவர் எவருமில்லை என்று அது மண்டபத்தைச் சுற்றி ஓடியது. உடைந்த மூலையில் அறுந்து, மறுபடி தொடங்கியது.

"குரானோ?" என்று மகேசன் கீழேயிருந்து கேட்டார்.

ஆமாம் என்பதற்கு ஓம் என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் அந்தச் சுவர் தப்பியிருக்கும். அவர் அந்த நிமிடமே கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார். என் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது.

"வடிவாப் பாத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்றன்" என்றேன்.

வியாழக்கிழமை வாசுகி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, என்னை அருங்காட்சியகம்வரை கொண்டுபோய் விடுவதாகப் புறப்பட்டாள். ரயில் இல்லை, சிக்னல் பழுது. பஸ்ஸில் மேல் தட்டில் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். பிரிக்ஸ்டனில் பஸ் நெரிசலில் அசையாமல் நின்றது. அவள் பையிலிருந்து மிளகாய் போட்ட ரோல்ஸை எடுத்தாள். நான் சுவரில் இருப்பதைச் சொன்னேன்.

"பொய் சொல்லு" என்றாள் வாசுகி, யோசிக்காமல். "குரான் எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப் போகுது? ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"ஏலாது வாசுகி."

"ஏன்? பாவமோ?"

"பாவம் மட்டுமில்லை. பயத்தில விட்டு வைச்சா, பயம் போன அண்டைக்கு உடைச்சுப் போடுவினம். யாழ்ப்பாணத்தில எங்கட பள்ளிவாசல்களை ஆரும் உடைக்கேல்லை. பயந்தோ மரியாதையிலயோ விட்டு வைச்சினம். ஆனா ஆக்கள் இல்லை. நான் பிறகு போய்ப் பாக்கேக்க கூரைக்கு மேல ஆலமரம் நிண்டது."

அவள் ரோல்ஸைத் தாளில் சுற்றி வைத்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது. கீழே ஒருவன் சைக்கிளில் எங்கள் பஸ்ஸைக் கடந்து போனான்.

"நீ அண்டைக்கு என்ன எடுத்துக்கொண்டு போனனீ?" என்று வாசுகி கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இந்தக் கேள்வியை என்னிடம் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். தொண்டு நிறுவனத்தார் கேட்டிருக்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. சந்திக்கும் இடத்தில் சாப்பாடு, பிள்ளைகள், நோய் நொடி என்று எல்லாம் கதைப்போம். அந்த நாளைச் சுற்றிக்கொண்டு போவோம்.

"வாப்பாவின்ர ஆஸ்துமா மருந்து. உம்மாவின்ர ரெண்டு சாறி. ஜியோமெட்ரி பொக்ஸ். சந்தியில மறிச்சுப் பாத்திட்டு, பொக்ஸைத் திறந்து காட்டச் சொன்னான். இயக்கப் பெடியன், எங்கட வயசுதான். கொம்பாஸை எடுத்துப் பாத்திட்டுத் திருப்பித் தந்தான். சாறியைத் தரேல்லை."

"நாங்கள் வீட்டுக்குள்ள இருந்தனாங்கள்" என்றாள் வாசுகி. "ஐயா கதவைப் பூட்டிப் போட்டார். லவுட்ஸ்பீக்கர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா உங்களுக்கெண்டு சோறு கட்டினவ. கொண்டுபோக ஒருத்தரும் துணியேல்லை. பின்னேரம் அதை எங்களுக்கே போட்டுத் தந்தா. ஒருத்தரும் தின்னேல்லை."

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. பஸ் நகரத் தொடங்கியது. வாசுகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரோல்ஸைப் பிரித்து, பெரிய துண்டை எனக்குத் தந்தாள். உறைப்பில் இருவருக்கும் கண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது நல்லதாயிற்று.

வெள்ளிக்கிழமை பயிற்சியின் கடைசி நாள். ஆளுக்கு ஒரு அச்சில் சுதை வார்த்து உலரவைத்தோம். என் துண்டில் காற்றுக் குமிழிகள். இனெஸிடம் ஸ்ட்ரெதம் படங்களைக் காட்டினேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, வெட்டுப்பட்ட வாசகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"கொர்தோபாவின் பெரிய பள்ளிவாசலை ஏன் முழுக்க இடிக்கவில்லை, தெரியுமா?" என்றாள். "புனிதம் என்பதால் மட்டுமில்லை. நடுவில் தேவாலயம் கட்ட ஒரு பகுதியை இடித்தார்கள்தான். அதற்கே நகரசபை எதிர்த்து நின்றது. ஊரில் தினமும் அதற்குள் நடந்துபோன மனிதர்களுக்கு அந்தத் தூண்கள் சொந்தமாகிவிட்டன. அந்தத் தூண்களில் பலவும் முதலில் முஸ்லிம்களுடையவை அல்ல. ரோமர்களின் கட்டடங்களிலிருந்து கழற்றி வந்தவை. நீ உண்மையைச் சொல். கேட்கிறவர்களுக்குச் சொந்தமானால் நிற்கும்."

"ஆகாவிட்டால்?"

"நன்றாகப் படம் எடுத்து வை" என்றாள் இனெஸ். அவள் ஆறுதல் சொல்லத் தெரியாதவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் சபையார் கூடினார்கள். ஏழெட்டுப் பேர். பிளாஸ்டிக் கதிரைகள், கெட்டிலில் தேநீர், தட்டில் வடை. பவளம் அக்கா என்ற வயதான அம்மா வடை கொண்டுவந்திருந்தார். கோயில் திறந்ததும் மடைப்பள்ளி அவர் பொறுப்பு. வால்தம்ஸ்டோவில் மகள் வீட்டிலிருந்து அதிகாலையிலேயே இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். "லைனெல்லாம் பூட்டு பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையில இந்த லண்டனில கடவுளும் நடந்துதான் வரவேணும்" என்றார்.

மகேசன் என்னை அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து நின்றேன்.

"இது குர்ஆன் இல்லை" என்றேன். "அல்லாஹ்வின்ர பெயரும் இதில இல்லை. ஸ்பெயினில ஆண்ட சுல்தான்கள் எழுதினது. அல்லாஹ்வைத் தவிர வெல்லுறவன் ஒருத்தனும் இல்லை எண்டு. இஞ்ச இதைச் செய்தவனுக்கு வாசிக்கத் தெரியாது, பாதியை வெட்டிப் போட்டான். இப்ப இதில இருக்கிறது வெல்லுறவர் ஒருத்தரும் இல்லை எண்டு மட்டும்தான். திரும்பத் திரும்ப அதுதான்."

மரெக் சாரத்தில் சாய்ந்து நின்றான். சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, அவனும் பார்த்தான்.

"அப்ப சமய சம்பந்தமா ஒண்டும் இல்லை" என்றார் மகேசன். குரலில் நிம்மதி தெரிந்தது. "கழட்டுறதில தடையில்லை. எங்கட கோயிலுக்கு இது பொருத்தமில்லைத்தானே. பிள்ளைக்கு நன்றி."

நான் உட்கார்ந்தேன். புதன்கிழமை ஏணியில் விழுங்கிய ஓம் என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். வாசுகி என் முழங்காலில் கை வைத்தாள்.

"ஏன் தம்பி உடைக்க?" என்று ஒரு குரல் கேட்டது. பவளம் அக்கா. தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி நின்றார்.

"அக்கா, ஆகமப்படி..."

"ஆகமத்தில இது கூடாதெண்டு கிடக்கோ? இல்லைத்தானே. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் இருந்திருந்தா உடைச்சிருக்கலாம். இந்தப் பிள்ளை இப்ப வாசிச்சுக் காட்டிப் போட்டுது." அவர் கையைச் சேலையில் துடைத்தார். "என்ர ரெண்டு பெடியளுக்கும் நான் இதைத்தான் சொன்னனான். ஒருத்தரும் வெல்லமாட்டினம் எண்டு. அவங்கள் கேக்கேல்லை. சுவரிலயாவது இருக்கட்டும்."

அவருடைய இரண்டு மகன்களும் போரில் இறந்துபோனவர்கள் என்பதைச் சிவா அண்ணை பிறகுதான் எனக்குச் சொன்னார். அந்த அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மகேசன் கையிலிருந்த தாளை மடித்தார், விரித்தார். மறுபடி மடித்தார்.

"மேற்குச் சுவரில ஏலாது அக்கா" என்றார் கடைசியில், வேறு குரலில். "மூலஸ்தானம் அங்கதான் வருது. அந்தப் பக்கம் கட்டாயம் கழட்டத்தான் வேணும்."

பிறகு நடந்தது கூட்டம் இல்லை, கொந்தராத்துப் பேச்சு. ஒருவர் ஈரக்கசிவைச் சொன்னார். இன்னொருவர் வர்ணம் அடிப்பதைப் பற்றிக் கேட்டார். சிவா அண்ணை ஜெர்மன் மொழியில் எண்ணத் தொடங்கிவிட்டார். நான் எழுந்துபோய் மகேசனின் திட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மேற்குச் சுவர்ப் பட்டையை உடைக்காமல் துண்டு துண்டாக அறுத்து எடுக்கலாம். அந்தத் துண்டுகளைக் கொண்டு உடைந்த மூலையை அடைக்கலாம். மற்ற மூன்று பக்கமும் அப்படியே நிற்கும். மகேசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திட்டத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுக்கு எவ்வளவு நாள் பிந்தும்?" என்று சிவா அண்ணையைக் கேட்டார். "பிந்தாது. நாங்கள் இப்பவே தொடங்குவம்" என்றார் அவர்.

தொடங்கினோம். மறுநாள் எனக்கு விமானம். மரெக் மெல்லிய வாளால் அறுத்தான், நான் கீழே பிடித்தேன். முதல் துண்டு கையில் நொறுங்கியது. இரண்டாவது முழுசாக வந்தது. பாரம். பின்பக்கத்தில் பழைய தேங்காய்த் தும்பு போல எதுவோ நார் கலந்திருந்தது. வாசுகி அதை மடியில் ஏந்தி, பிள்ளையைப் பிடிப்பதுபோல் மூலைக்குக் கொண்டுபோனாள். மகேசன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஏணியைப் பிடித்தார்.

அஸர் என்னும் பின்னேரத் தொழுகை நேரம் வந்தது. வீட்டுக்குப் போய் வருவதென்றால் வேலை நின்றுவிடும். அந்த மண்டபத்தில், அந்த மனிதர்களிடம், எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். பவளம் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும்.

"தொழவேணுமோ பிள்ளை?" என்றார். "சாமி இன்னும் வரேல்லை. தை மாசம்தான் வருவார். இப்ப வெறும் மண்டபம்தான். நீங்கள் தொழுங்கோ."

குழாயில் பனிக்கட்டித் தண்ணீர். அவர் கெட்டிலில் சுடவைத்த தண்ணீரைக் கலந்து, நான் வுளூ செய்யக் கையில் ஊற்றினார். நான் முகம் கழுவும்போது காத்திருந்து, கால் கழுவும்போது குனிந்து ஊற்றினார். பிறகு விளக்குமாற்றை எடுத்து, சாரத்துக்கு அப்பால் ஒரு துண்டு இடத்தைத் தூசி போகக் கூட்டினார். வாசுகி தன் சால்வையை விரித்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். கைபேசியில் பார்த்து, கடைத்தெருப் பக்கம் என்று காட்டினேன். அவள் ஒரு வர்ண வாளியைக் கவிழ்த்து, வாசலுக்கும் எனக்கும் இடையில் உட்கார்ந்தாள்.

நான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். சுஜூதில் நெற்றி வைத்தபோது ஈரச் சுண்ணாம்பும் வடை எண்ணெயும் மணத்தன. வெளியே ஒரு பஸ் மூச்சுவிட்டு நின்று, கிளம்பிப் போயிற்று. மண்டபத்தில் வாளும் டிரில்லும் ஓய்ந்திருந்தன.

இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்து முடித்துத் திரும்பினேன். மரெக் சாரத்தின் மேலே, டிரில்லைக் கையில் தூக்கியபடி அசையாமல் நின்றான். நான் தொழத் தொடங்கியபோது தூக்கியதை இன்னும் இறக்கவில்லை. கீழே மகேசன் ஏணியை விடாமல் பிடித்திருந்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார் மெதுவாக.

"முடிஞ்சுது அண்ணை."

அவர் மேலே பார்த்துத் தலையை அசைத்தார். மரெக் டிரில்லை அழுத்தினான்.